முதல் முறை வீடு கட்டுகிறீர்களா? வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது முதல் சாவி வாங்கும் வரை

சொந்த வீடு கட்டுவது நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வரும் வேலை. செய்து பார்த்துக் கற்றுக்கொண்டு, அடுத்த தடவை சரியாகச் செய்யலாம் என்றால் அடுத்த தடவையே இருக்காது. என் வீட்டைக் கட்டி முடித்த பிறகு தங்கை வீட்டு வேலைக்கும் சித்தப்பா வீட்டு வேலைக்கும் கூடவே நின்றேன். மூன்றிலும் சிக்கல் வந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் காரணம் இரண்டுதான். ஒன்று, நாங்கள் முடிவு எடுக்கும் முன்பே வேலை ஓடிவிட்டது. இன்னொன்று, வேலை முடியும் முன்பே பணம் போய்விட்டது. முடிவு வேலைக்கு முன்னால் போக வேண்டும், பணம் வேலைக்குப் பின்னால் வர வேண்டும். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் காப்பாற்றத்தான்.

தமிழ்நாட்டில், சொந்த மனையில், 1,000 முதல் 2,000 சதுர அடிக்குள் கட்டுகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

பத்திரம், தாய்ப்பத்திரம் (மனையின் முந்தைய பத்திரம்), உங்கள் பெயரில் பட்டா, குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவை கையில் இருக்கட்டும். மனை அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பாருங்கள். பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. அரை அடித் தகராறு காம்பவுண்ட் சுவர் எழுப்பிய பிறகு வந்தால் தீர்ப்பது கஷ்டம்.

அடுத்தது கட்டட அனுமதி. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் மாடியும் சேர்த்து 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு, 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பு உங்கள் தலையில் என்று பொருள். சுற்றிலும் விட வேண்டிய இடம், உயரம் எல்லாம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதலே கட்டாயம். வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.

யாருக்காக, எதற்காக என்று எழுதுங்கள்

இன்ஜினியரைப் பார்க்கப் போகும் முன் வீட்டில் எல்லோரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அவருடைய படுக்கையறை கீழேதான் இருக்க வேண்டும். வாஷிங் மெஷின் எங்கே நிற்கும்? தண்ணீர் கேன் எங்கே வைப்பீர்கள்? ஸ்கூட்டர் ஏற வழி உண்டா? பத்து வருடத்தில் மாடி எடுக்கும் எண்ணம் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அஸ்திவாரமும் தூண்களும் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட முடியும். பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோட்டில் இன்னொரு பக்கத்தில், வேண்டவே வேண்டாம் என்பவற்றையும் எழுதுங்கள். வேலை நடக்கும்போது சொந்தக்காரர் ஒருவர் வந்து 'ஒரு போர்டிகோ போட்டுவிடேன்' என்பார். அப்போது அந்தப் பக்கம்தான் கை கொடுக்கும்.

வரைபடம் வந்ததும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உண்மை அளவில் அறைகளுக்குள் நடந்து பாருங்கள். கட்டில், பீரோ, டைனிங் டேபிள் எல்லாம் எங்கே வரும் என்று செங்கல்லை வைத்து அடையாளம் காட்டுங்கள். காகிதத்தில் பத்துக்குப் பத்து என்று படித்ததும், அதற்குள் ஒரு கட்டிலைப் போட்டுச் சுற்றி நடப்பதும் வேறு வேறு. தங்கை வீட்டில் இந்த ஒரு மணி நேர நடையில் மூன்று கதவுகளின் இடம் மாறியது. செலவு ஒரு பை சுண்ணாம்பு.

ஸ்ட்ரக்சுரல் டிசைன் (அஸ்திவாரம், தூண், பீம், கம்பிக்கான கணக்கு) தனியாகப் போட வேண்டும். மண் பரிசோதனையும் செய்யுங்கள். கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் வெடிக்கும்.

பணக் கணக்கு

மொத்தப் பரப்பைச் சதுர அடி ரேட்டால் பெருக்கி முடித்துவிடாதீர்கள். பெரும்பாலான காண்ட்ராக்டில் அந்த ரேட்டுக்குள் காம்பவுண்ட் சுவர், போர்வெல், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், கேட், மின் இணைப்பு, மாடுலர் கிச்சன் ஆகியவை வராது. இவற்றைத் தனி வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். அனுமதிக் கட்டணத்தோடு வசூலிக்கப்படும் கட்டடத் தொழிலாளர் நல நிதியும் உண்டு, அது கட்டுமான மதிப்பில் 1 சதவீதம். எல்லாம் கூட்டிய பிறகு மேலே 10 முதல் 15 சதவீதம் கைக்காவலாகத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தப் பணம் இருப்பது மேஸ்திரிக்கும் இன்ஜினியருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக் கடன் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம்தான் தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். மீதி உங்கள் கைப்பணம், அதைத்தான் முதலில் போடச் சொல்வார்கள். கடனும் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகும் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துத்தான் அடுத்த தவணை. கட்டம் முடிந்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் வேலை நிற்காமல் இருக்க, ஒரு கட்டத்துக்கான செலவாவது எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வேலையை மூன்று விதமாகக் கொடுக்கலாம்: நாள் கூலி, லேபர் காண்ட்ராக்ட், மெட்டீரியலோடு சேர்த்து முழுக் காண்ட்ராக்ட். நாள் கூலியில் வேலை நிதானமாக நன்றாக நடக்கும், ஆனால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. லேபர் காண்ட்ராக்டில் பொருள் உங்களுடையது, தரம் உங்கள் கையில். ஆனால் தினமும் ஒருவர் சைட்டில் நிற்க வேண்டும், சிமெண்ட் தீர்ந்தால் ஓட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு முழுக் காண்ட்ராக்ட்தான் நடைமுறை. என்னைக் கேட்டால், வீட்டில் ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தால் லேபர் காண்ட்ராக்ட், இல்லையென்றால் முழுக் காண்ட்ராக்ட் என்பேன்.

எதுவானாலும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சதுர அடியை எப்படி அளப்பது என்பதில்தான் முதல் சண்டை வரும். போர்டிகோவுக்கு முழுக் கணக்கா, பாதியா? மாடிப்படியும் அதன் மேல்கூரையும் சேருமா? சன்ஷேடு? பால்கனி? ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பிறகு பொருள்: எந்த கம்பெனி சிமெண்ட், எந்த கம்பெனி கம்பி, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, ஸ்விட்ச், ஒயர், குழாய் எந்த பிராண்ட், நிலைக்கு என்ன மரம். 'நல்ல தரமான' என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் பெயரோ எண்ணோதான் இருக்க வேண்டும்.

பணத்தை மாதக் கணக்கில் பிரிக்காமல் கட்டக் கணக்கில் பிரியுங்கள். நாங்கள் சித்தப்பா வீட்டுக்கு வைத்தது இது: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மெண்ட் (வீட்டுத் தரை மட்டம் வரையிலான அடித்தளம்) முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் 15, கூரைத் தளம் போட்டு, அதைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்ததும் 20, பூச்சு வேலை முடிந்ததும் 15, டைல்ஸும் பெயிண்டும் முடிந்ததும் 15, சாவி கொடுக்கும் அன்று 5, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு 5. கடைசி ஐந்துக்கு மேஸ்திரி முதலில் சம்மதிக்கவில்லை. மழையில் ஒழுகினால் வந்து சரி செய்து கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பொறுமையாகப் பேசியபோது ஒத்துக்கொண்டார்.

அவர் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டியவர் அவர். கட்டம் முடிந்த பிறகும் நீங்கள் இழுத்தடித்தால் ஆட்கள் திங்கட்கிழமை வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். கட்டம் முடிந்தால் அன்றே பணம். இதில் நீங்கள் சரியாக இருந்தால்தான் மற்றதில் அவரைக் கேட்கும் உரிமை வரும்.

காலக் கணக்கு

தைப் பொங்கல் முடிந்து பூமி பூஜை, ஆடிக்குள் தளம், ஐப்பசி மழைக்குள் வெளிப்பூச்சு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் மாவட்டங்களுக்கு இந்த வரிசை பொருந்தும். மழையில் உள்வேலை பார்த்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி போலத் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும் இடங்களில் ஜூனுக்கு முன்பே அஸ்திவார வேலை முடிந்திருக்க வேண்டும். தரைத்தளம் மட்டும் என்றால் எட்டு மாதம், மாடியும் சேர்ந்தால் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆட்கள் ஊருக்குப் போனால் ஒரு வாரம் கழியும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் ஹோலி சமயத்தையும் கணக்கில் எடுங்கள்.

ஒரு பெரிய தாளில் வாரங்களைக் கட்டம் போட்டு, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். எந்த வேலை பிந்தினாலும் நஷ்டம் என்று இல்லை. சில வேலைகள் பிந்தினால்தான் மொத்த வீடும் நிற்கும். வாசக்கால் அப்படிப்பட்டது. சுவர் எழும்பும்போது நிலை வந்து நிற்க வேண்டும், மரம் அறுத்து, உலர்ந்து, ஆசாரி இழைத்து வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே வானம் தோண்டும்போதே ஆசாரியிடம் சொல்லிவிட வேண்டும். போர்வெல் இன்னொன்று. சுவர் எழும்பிவிட்டால் போர் லாரி உள்ளே வர வழி இருக்காது, கட்டுவதற்கும் தண்ணீர் வேண்டும். அதனால் போர் முதலில். தற்காலிக மின் இணைப்புக்கும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். டைல்ஸ், பெயிண்ட் கலர் இரண்டும் பிந்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டில் அதிக நேரம் பேசுவது அவற்றைப் பற்றித்தான்.

வேலை ஆரம்பித்த பிறகு

மார்க்கிங் போடும் அன்று ஒவ்வொரு மூலையையும் மூன்று, நாலு, ஐந்து கணக்கில் சரி பாருங்கள். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும். இங்கே மூலை தவறினால் கடைசியில் டைல்ஸ் போடும்போது சுவரோரம் கோணல் தெரியும். பேஸ்மெண்டில் கிராவல் நிரப்பும்போது அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்கச் சொல்லுங்கள். மொத்தமாகக் கொட்டி மூடினால் இரண்டு வருடத்தில் தரை உள்வாங்கும். கறையான் மருந்தும் இந்தக் கட்டத்தில்தான்.

கம்பி வந்து இறங்கினால் எடையை நீங்களே சரி பார்க்கலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. கம்பிகளை எண்ணிப் பெருக்கினால் பில்லோடு ஒத்துப்போக வேண்டும். ஜல்லி, எம்-சாண்ட் (பாறையை அரைத்துச் செய்யும் மணல்) யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. லாரியின் நீளம், அகலம், உயரத்தை டேப்பால் அளந்த பிறகு கொட்டச் சொல்லுங்கள்.

தளம் போடும் நாள் மொத்த வேலையிலும் முக்கியமான நாள். முந்தின நாளே இன்ஜினியர் வந்து கம்பி கட்டியதையும் முட்டுகளையும் பார்த்துச் சரி என்று எழுதித் தந்தால்தான் கான்கிரீட். ஃபேன் பாக்ஸ், ஒயர் பைப் எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தை வைத்து எண்ணுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி வைக்கும் சிறு கட்டி) வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். ஐந்து அங்குல கனத்தில் 1,000 சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எம் 20 (கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம்) கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை என்றால் 95 மூட்டை சிமெண்ட். பீம்களுக்குத் தனி. இத்தனையும் முந்தின இரவே சைட்டில் இருக்க வேண்டும், கலவை மெஷினும் வைப்ரேட்டரும் (கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் கருவி) ஓடிப் பார்த்திருக்க வேண்டும். கொட்ட வசதியாக இருக்கிறது என்று கலவையில் தண்ணீரைக் கூட்டுவார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போனால் பலம் குறையும். அன்று மத்தியானம் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு போடுங்கள். வெயிலில் சட்டி சுமக்கிறவர்களுக்கு அது நாம் செய்ய வேண்டிய மரியாதை.

மறுநாள் காலையில் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சூடான வறண்ட இடங்களில் குறைந்தது 10 நாள் நனைக்கச் சொல்கிறது. பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் நல்லது என்கிறது. இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் அந்தச் சிமெண்ட்தான் வருகிறது என்பதால் 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முட்டுகளைப் பிரிக்கும் நாளை இன்ஜினியர் சொல்லட்டும். சென்ட்ரிங்காரருக்கு (பலகையும் முட்டும் அடிப்பவர்) வாடகைப் பலகை வேறு சைட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் இருக்கும், அதற்கு நீங்கள் அசையாதீர்கள்.

ஒரு வாய், ஒரு நோட்டு

சைட்டில் நம் வீட்டுப் பக்கம் பேசுவது ஒருவர் மட்டும்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாமா வந்து ஜன்னலைத் தள்ளி வை என்பார், மச்சான் வந்து பழைய இடம்தான் சரி என்பார். கொத்தனார் இடித்துக் கட்டுவார். அதற்கான கூலியைக் கொடுப்பது நீங்கள். உங்களுக்கே ஒரு மாற்றம் வேண்டும் என்றாலும் கொத்தனாரிடம் நேராகச் சொல்லாமல் மேஸ்திரியிடம் சொல்லுங்கள். நோட்டில் தேதி போட்டு, என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இந்தப் பழக்கம் வந்தாலே பாதி மாற்றங்கள் வேண்டாம் என்று தோன்றிவிடும்.

சனிக்கிழமை சம்பளம் கொடுத்த பிறகு மேஸ்திரியோடு டீ குடித்துக்கொண்டே மூன்று விஷயம் பேசுங்கள்: இந்த வாரம் சொன்னதில் எது முடியவில்லை, அடுத்த வாரம் என்ன நடக்கும், அதற்கு நான் என்ன வாங்கித் தர வேண்டும் அல்லது முடிவு சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் நடந்த தாமதங்களில் பெரும்பங்கு நான் பதில் சொல்லாமல் வைத்திருந்த கேள்விகளால் வந்தது.

மூடப்போகும் எதையும் மூடும் முன் படம் எடுங்கள். சுவரை வெட்டி ஒயர் பைப், தண்ணீர் பைப் பதித்ததும், பூச்சுக்கு முன், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும் போதெல்லாம் அந்தப் படம் தேவைப்படும்.

குளியலறை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். வாட்டர் புரூஃபிங் செய்த பிறகு, டைல்ஸுக்கு முன், தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்து அடியில் ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, நாள் இல்லை என்று அதை விட்டுவிட்டோம். நாலு மாதத்தில் கீழ் அறைக் கூரையில் கறை படர்ந்தது. புது டைல்ஸை முழுக்க உடைத்து, மறுபடி செய்தோம். இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வாரம் போனது. ஆகவே பெயிண்ட் முதல் கோட் முடியும் வரை கிரகப்பிரவேசத் தேதி குறிக்காதீர்கள்.

கடைசி வாரங்கள்

முடியும் தறுவாயில்தான் வேலை இழுக்கும். பெரிய வேலை முடிந்ததும் ஆட்களை அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சில்லறை வேலைகள் கிடக்கும். ஒரு பகல் முழுக்க வீட்டுக்குள் நடந்து, அறை அறையாக மீதி வேலையை எழுதுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது தண்ணீர் வெளியேறும் ஜாலிப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். கதவு தானாக அசைகிறதா, தாழ்ப்பாள் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் சாவிக்கான 5 சதவீதம்.

தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பியுங்கள். தற்காலிகக் கட்டணம் மிக அதிகம், ஒவ்வொரு மாதத் தாமதமும் செலவு. சொத்து வரிக்கும் எழுதிக் கொடுங்கள். வரைபடம், ஸ்ட்ரக்சுரல் டிசைன், ஒப்பந்தம், மாற்ற நோட்டு, மோட்டார் வாரண்டி அட்டை, சுவர்ப் படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் பத்திரமாக இருக்கட்டும். மாடி எடுக்கும் நாளில் வரும் இன்ஜினியர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம் மழை. முதல் பெரிய மழையன்று மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். கீழே வந்து கூரையின் மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேஸ்திரிக்குப் படம் அனுப்பி வரச் சொல்லுங்கள். மார்கழியில் மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருந்தால், அவரை வீட்டுக்கு அழைத்து, மீதி 5 சதவீதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.